பட்டன் டப்பாவில் ஒரு குடியரசு

அன்று காலை முகம் கழுவும்போதே தீர்மானம் நிறைவேறிவிட்டது. எதிர்ப்பே இல்லை. கூட்டத்தில் இருந்தது நானும் கண்ணாடியும்தான். கண்ணாடி என் பக்கம்.

தீர்மானம் இதுதான்: எங்கள் வீட்டு மடிக்கணினியை விடுதலை செய்வது.

அந்தக் கணினி ரொம்பச் சின்னது. சாப்பாட்டுத் தட்டுக்கு மூடியாகப் போட்டுவிடலாம். மகள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டபோது பழையதை எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள். உள்ளே ஒரு பெரிய கம்பெனியின் இயங்குதளம் குடியிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு நான் காப்பி குடித்து, பத்திரிகை படித்து, முதலாளித்துவத்தை மனதுக்குள் ஒருமுறை வீழ்த்திவிட்டு வந்தாலும் அது கண் விழித்திருக்காது. விழித்தாலும், 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள்' என்று எனக்கே உத்தரவு போடும். அச்சக வாசலில் போலீஸ்காரர் உத்தரவு போட்டே நகராதவன் நான்.

நான் அச்சகத்தில் மெய்ப்பு, அதாவது புரூஃப், பார்த்தவன். கூடவே தொழிற்சங்கம். இந்த ஊர்ச் சுவர்கள் பார்த்த துண்டறிக்கைகளில் பாதியை நான் எழுதினேன். மீதிப் பாதியில் பிழை திருத்தினேன். கல்லூரிப் படியை மிதித்ததில்லை. எனக்குத் தெரிந்த பொருளாதாரம், வரலாறு, வசவு எல்லாம் துண்டறிக்கையில் கற்றவை. ஊரில் எத்தனையோ பேர் என் வாக்கியங்களைக் கோஷமாகப் போட்டுவிட்டு, அப்புறம் பதவிக்குப் போய், என்னைத் தெருவில் பார்த்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

கணினிக்கு விடுதலை ஏன் அவசரம் என்றால், சங்கத்தின் ஆண்டு மலர். இந்த முறை எங்கள் பெரிய வேலைநிறுத்தத்தின் வரலாறு அதில் வருகிறது. ஒரே ஒரு கட்டுரைக்குத்தான் இடம் என்று மலர்க்குழுச் செயலாளர் சொல்லிவிட்டார். நான் எழுதாவிட்டால் 'சமரசம்' எழுதிவிடுவான். பெற்றோர் வைத்த பெயர் வேறு. எந்தப் பேச்சுவார்த்தையிலும் முதல் காப்பி மேசைக்கு வருவதற்குள் இறங்கிவிடுவான் என்பதால் இந்தப் பெயர் நான் வைத்தது. சங்கத்தில் அதுவே நிலைத்துவிட்டது. அவன் எழுதினால் வேலைநிறுத்தத்தை நடத்தியது அவன் என்றாகிவிடும். நான் அடிக்குறிப்பு. உழைத்தவனை அடிக்குறிப்பில் புதைப்பது வரலாற்றின் பழைய பழக்கம். அதுவும் பொடி எழுத்தில்.

எழுதுவதற்குக் கணினி வேண்டும். கணினி என் மனைவியிடம் இருந்தது.

அவள் தையல்காரி. காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து துணி வெட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கெங்கோ இருக்கும் பெண்கள் திரைக்குள்ளிருந்து, "அக்கா, கழுத்து இறங்கிடுச்சு" என்று புலம்புகிறார்கள். மாலையில் புது மாதிரிகளைப் பார்க்கிறாள். நடுவில் கணினிக்கு ஓய்வு. ஓய்வு உரிமையை அந்த இயந்திரத்துக்கு யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மனிதர்களுக்கு வாங்கிக் கொடுக்க நாங்கள் என்ன பாடு பட்டோம்!

முதலில் முறைப்படி கோரிக்கை வைத்தேன்.

"இந்தாம்மா, சாயங்காலத்துல அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடு."

"எதுக்கு?"

"வரலாறு எழுதணும்."

"போன வருஷமும் எழுதினீங்களே."

"அது முன்னுரை."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"முன்னுரைக்கு முன்னுரை."

"அப்ப பேப்பர்ல எழுதுங்க. கை நல்லாத்தானே இருக்கு?"

"கையால எழுதினா செயலாளர் வாங்க மாட்டாராம்."

"உங்க கையெழுத்தைப் பாத்திருப்பார்."

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நேரடி மோதலில் பயனில்லை என்று தெரிந்தது. தந்திரம் வேண்டும். அப்போதுதான் லினக்ஸ் என் வாழ்வில் வந்தது.

வாசகசாலையில் ஒரு பத்திரிகையில் படித்தேன். முதலாளி இல்லாத இயங்குதளமாம். உலகம் முழுக்க யார் யாரோ உட்கார்ந்து எழுதி, ஊருக்குப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். படித்ததும் பத்திரிகைக்கு ஒரு செவ்வணக்கம் வைத்தேன். நாங்கள் எத்தனை ஊர்வலம் போயும் கிடைக்காத ஒன்றை, வீட்டைவிட்டு வெளியே வராத ஆட்கள் சாதித்திருக்கிறார்கள்.

கையை இறக்கியதும் இன்னொன்றும் தோன்றியது. லினக்ஸ் வந்தால் திரை மாறிவிடும். அவளுக்குப் பழகிய படங்கள் இருக்காது. திகைப்பாள். 'எனக்கு ஒண்ணும் புரியலை, நீங்களே வெச்சுக்குங்க' என்பாள். கொள்கைக்குக் கொள்கை, கணினிக்குக் கணினி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல் எறிவதில் எனக்கு அனுபவம் உண்டு.

மதியச் சாப்பாட்டின்போது பிரசாரத்தைத் தொடங்கினேன்.

"இந்த லினக்ஸ்ல நாலு சுதந்திரம் இருக்கு, தெரியுமா? யாரு வேணா எதுக்கு வேணா பயன்படுத்தலாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாக்கலாம். பிடிக்கலைன்னா மாத்தலாம். மாத்தினதை ஊருக்கே குடுக்கலாம்."

"யாரையும் கேக்க வேண்டாமா?"

"கேக்கவே வேண்டாம்! அதானே பெருமை!"

"எழுதினவருக்குக் கோவம் வராதா?"

"வரக் கூடாது. எழுதினது ஊருக்குப் பொது. என்னுது என்னுதுன்னு கட்டிப் பிடிச்சுக்கிறவன் முதலாளி."

"ம்," என்றாள். மோரை என் பக்கம் நகர்த்தினாள். "சரி, போட்டுக்குங்க."

நிபந்தனை இல்லை. அவகாசம் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு முதல் சுற்றிலேயே ஒத்துக்கொண்டால் எழுந்து போய்ப் பின்வாசலைப் பார் என்று சங்கத்துப் புது ஆட்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். அன்று சாப்பிட்ட மயக்கம், பார்க்கவில்லை.

"நாளைக்கே கடைக்குப் போறேன்," என்றேன்.

"நாளைக்கு வேண்டாங்க. நாளன்னிக்குப் போங்க. நாளைக்கு எனக்கு வெளியில ஒரு வேலை இருக்கு, வீட்டுல ஆள் வேணும்."

பெரிய வெற்றியில் சின்ன விட்டுக்கொடுத்தல். ஒத்துக்கொண்டேன்.

கணினி பழுது பார்ப்பவரை எங்கள் தெருவில் 'டாக்டர்' என்பார்கள். நெற்றியில் சின்ன விளக்கு கட்டிக்கொண்டு, வயிறு திறந்து கிடக்கும் கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். நான் லினக்ஸ் என்று ஆரம்பித்ததுமே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வைத்தார். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

"ரெடியா இருக்கே?" என்றேன்.

"உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க வருவாங்கன்னு வெச்சிருக்கேன், ஐயா." சொல்லிவிட்டு ஏனோ இருமினார். "இதைச் சொருகி லேப்டாப்பைப் போடுங்க. 'முயற்சி செய்', 'நிறுவு'ன்னு ரெண்டு வரும். நீங்க முயற்சியை மட்டும் அமுக்குங்க."

"ஏன், நிறுவினா என்ன?"

"சோதிச்சுப் பாக்காம எதுலயாவது கையெழுத்துப் போடுவீங்களா?"

சிலிர்த்துவிட்டது. அது என் வசனம். வீட்டில் காய் வாங்கினால்கூட நான் சொல்லும் வசனம். ஊரில் நம் கருத்து இவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு, ஐயா. இந்தப் பென் டிரைவை வண்டிச் சாவின்னு நெனச்சுக்குங்க. ஓடும்போது எடுக்கவே கூடாது. எழுதறதையும் இதுலயே சேமிங்க. அதுக்குத் தனியா இடம் ஒதுக்கியிருக்கேன்."

வீட்டுக்கு வந்து சொருகினேன். முயற்சியை அமுக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஊர்வலம் போயின. பிறகு ஒரு மலை, ஒரு ஏரி, விடியற்காலை. விளம்பரம் இல்லை. உத்தரவு இல்லை. தமிழில் தட்டினேன், தமிழில் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

மனைவி கை துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"எங்க என் படமெல்லாம்?"

"போச்சு."

"கிளாஸ் எடுக்கிறது?"

"அதுவும் போச்சு. பழைய ஆட்சி மொத்தமும் போச்சு."

"ஐயோ. எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்களே வெச்சுக்குங்க."

நான் எழுதி வைத்த வசனம், எழுத்துப் பிசகாமல் வந்தது. பிழையே இல்லாத மெய்ப்பு வந்தால் அது மெய்ப்பே அல்ல, யாரோ ஏற்கெனவே பார்த்துத் திருத்தியது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். தொழிலை விட்டு ஓய்வு பெற்றால் இப்படித்தான்.

ஒரே ஒரு குறை. இணையம் வரவில்லை. மூலையில் வைஃபை குறியின்மேல் ஒரு பெருக்கல் குறி. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ஐயா, உங்க லேப்டாப்ல இருக்கிற வைஃபை சில்லு பழைய கம்பெனி ஆளு. லினக்ஸ் அதோட பேச மாட்டேங்குது."

கம்பெனி ஆளோடு பேச்சுவார்த்தைக்குப் போகாத இயங்குதளம்! எனக்கு அதன்மேல் இருந்த மரியாதை இரட்டிப்பானது.

அதன் பிறகு பொற்காலம். காலையில் வாசகசாலைக்குப் போய் லினக்ஸ் பற்றி எல்லோருக்கும் சொல்வேன். கேட்காதவர்களுக்கு உரக்கச் சொல்வேன். மதியம் வந்து உட்கார்ந்தால் விளக்கு ஏற்றும் நேரம் வரை வரலாறு. மனைவி ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. மனசு கேட்காமல் ஒருமுறை விசாரித்தேன்.

"உன் கிளாஸ் என்னம்மா ஆச்சு?"

"அது பாட்டுக்கு நடக்குது. நீங்க எழுதுங்க."

எந்த மாற்றத்திலும் இடைக்காலக் கஷ்டம் சிலருக்கு இருக்கும். அதை அவள் பொறுமையாகத் தாங்குகிறாள் என்று பெருமைப்பட்டேன். கட்டுரையில் அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லலாம் என்று இருந்தேன். இடம் இல்லை.

கட்டுரை முடிந்த மறுநாள் வாசகசாலைக்குப் போனால், வெள்ளையடிக்கிறார்கள். பூட்டு. திரும்பி வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவள் குரல்.

"கைக்குழியில அரை இஞ்ச் விட்டு வெட்டுங்க. ஒட்டி வெட்டினா அப்புறம் கையைத் தூக்க முடியாது."

எட்டிப் பார்த்தேன். மடிக்கணினி திறந்திருந்தது. மலை இல்லை, ஏரி இல்லை. பழைய திரை. கட்டம் கட்டமாகப் பெண்கள், ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு.

"அக்கா, உங்க பின்னால யாரோ நிக்கிறாங்க," என்றாள் ஒரு கட்டத்துக்காரி.

"எங்க வீட்டுக்காரர். நீங்க துணியைப் பாருங்க."

என் கண் மேசையில் ஓடியது. பட்டன் டப்பா மூடி இல்லாமல் இருந்தது. சட்டைப் பட்டன்களுக்கும் கொக்கிகளுக்கும் நடுவில், சாவகாசமாக, என் பென் டிரைவ்.

வகுப்பு முடியும்வரை நின்றேன். நாகரிகம் தெரிந்தவன்.

"என்ன இது?"

"கிளாஸ்."

"இந்தப் பழசு அழிஞ்சு போச்சே!"

"யாரு அழிச்சா?"

"நான்தான்!"

"நீங்க 'முயற்சி செய்'தானே அமுக்கினீங்க? அது லேப்டாப்பைத் தொடவே தொடாது. எல்லாம் அந்தத் துக்கடாவுக்குள்ளயே ஓடும். உருவிட்டுப் போட்டா எப்பவும் போல பழசு."

"உனக்கு யாரு சொன்னா?"

"டாக்டர்தான். அவர் சம்சாரம் என்கிட்ட படிக்கிறா. நீங்க கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் போய்ச் சொல்லிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரர் வருவார், லேப்டாப்புக்குச் சேதாரம் இல்லாம ஏதாவது குடுத்து அனுப்புங்கன்னு. சோதிச்சுப் பாக்காம கையெழுத்தான்னு கேளுங்க, மறு பேச்சு பேச மாட்டார்னேன்."

உட்கார்ந்துவிட்டேன். தினமும் நான் தெருமுனையைத் தாண்டியதும் என் குடியரசை அவள் விரலால் உருவி, பட்டன் டப்பாவில் போட்டுவிட்டு, பழைய ஆட்சியைக் கொண்டுவந்திருக்கிறாள். நான் திரும்புவதற்குள் குடியரசை மறுபடி நிறுவியிருக்கிறாள். இவ்வளவு சத்தமில்லாமல் ஆட்சி மாறியதாக எந்தத் துண்டறிக்கையிலும் நான் படித்ததில்லை.

"என்னை ஏமாத்திட்டே."

"நீங்க என் கிளாஸை நிறுத்தப் பாத்தீங்க. நான் உங்க எழுத்தை நிறுத்தினேனா?"

தண்ணீர் குடித்தேன்.

"சரி விடுங்க," என்றாள். "கட்டுரையை அனுப்ப வேண்டாமா? லினக்ஸ்லதான் இணையம் வராதே. இதுலேருந்து நானே அனுப்பறேன்."

"முடிஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன். உள்ள என்ன இருக்குன்னு படிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க."

"எப்படி இருந்துது?"

கேட்டிருக்கக் கூடாது. எழுதுகிறவனுக்கு அந்தப் பலவீனம் உண்டு.

"நல்லா இருந்துது. லாரி எங்க?"

அந்த லாரி விஷயத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்தத்தின் கடைசி நாள் காலையில் முதலாளி ஒரு லாரி நிறையக் காகிதமும் வெளியாட்களும் கொண்டுவந்தார். காகிதம் உள்ளே போயிருந்தால் இயந்திரம் ஓடியிருக்கும். நாங்கள் முடிந்தோம். அந்த நேரத்தில் தலைமை, அதாவது நானும் சமரசமும், சங்க அறையில் இருந்தோம். மூன்றாவது கோரிக்கையில் ஒரு கால்புள்ளி வேண்டும் என்று நான், வேண்டாம் என்று அவன். கால்புள்ளி இல்லாவிட்டால் ஊதிய உயர்வு இரவுப் பணிக்கு மட்டும் என்று அர்த்தம் வரும். இன்றைக்கும் சொல்கிறேன், அது இல்லாமல் எதுவும் இல்லை. நாங்கள் வெளியே வந்தபோது லாரி போயிருந்தது. மாலையில் முதலாளி பேச வந்தார்.

"லாரி இருக்கே," என்றேன். "'காகித லாரி மக்களால் திருப்பி அனுப்பப்பட்டது'ன்னு போட்டிருக்கேனே."

"எந்த மக்கள்?"

"மக்கள்னா... மக்கள்."

"நானு, மெஷின்காரர் சம்சாரம், பைண்டிங் அக்கா. சாப்பாட்டுத் தூக்கோட போனவங்க அப்படியே லாரிக்கு முன்னால ரோட்டுல உக்காந்தோம். டிரைவர் இறங்கி வந்து கத்தினார். பாவம், காலையிலேருந்து பட்டினின்னு மொகத்துலயே தெரிஞ்சுது. முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் கத்துங்கன்னு தூக்கைத் திறந்து வெச்சேன். சாப்பிட்டார். கை கழுவினார். வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டார்."

எனக்கு ஏதோ உறைத்தது.

"அன்னைக்கு எனக்குச் சாப்பாடே வரலையே!"

"அதான் லாரி போச்சு."

இத்தனை வருடமாக அந்தப் பட்டினியை நான் போராட்டத் தியாகம் என்று மேடையில் பேசி வந்திருக்கிறேன்.

"உங்க கால்புள்ளி எத்தனை பக்கம்?" என்றாள்.

"அது முக்கியமான..."

"பாதிக் கட்டுரை அதுதான். எங்களுக்கு அரை வரி. அதுலயும் பேர் இல்லை. நான் மாத்தி எழுதட்டுமா?"

"ஒரு எழுத்து மாத்தக் கூடாது! அது என் கட்டுரை. என்னுது!"

சொன்ன வாய் மூடுவதற்குள் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கக்கூட இல்லை. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நாலு சுதந்திரம்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்," என்றேன். "அது லினக்ஸுக்கு."

"வீட்டுக்கு இல்லையா?"

என்னைச் சிறையில் வைத்துக் கேட்டபோதுகூட நான் கொள்கையை விட்டுக்கொடுத்ததில்லை. வீட்டில் விட முடியுமா? யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தைரியம் வந்தது. அவள் இதுவரை எழுதியது துணிக் கணக்கு மட்டுமே. செயலாளரோ என் துண்டறிக்கைகளைப் படித்து வளர்ந்தவர்.

"சரி. என்னுதையும் அனுப்பு, ஒரு எழுத்து மாறாம. நீ மாத்தினதையும் அனுப்பு. குழு முடிவு பண்ணட்டும். ஜனநாயகம்."

"நெஜமாவா?"

"பாவம், நீயும் எழுதிப் பாரேன்."

நாலு நாள் அவள் தையல் இயந்திரத்தை மூடி வைத்துவிட்டு எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. வென்றவனுக்கு அது அழகல்ல. இரண்டையும் என் கண் முன்னாலேயே அனுப்பினாள். என்னுடையதை முதலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளரின் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"தோழர், கட்டுரை பிரமாதம்! குழுவுல சத்தமாப் படிச்சோம். ரெண்டு பேரு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க."

"அப்படியா?" என்றேன், அடக்கமாக.

"எத்தனை வருஷமா மலர் போடறோம். இப்படி ஒரு எழுத்து வந்ததே இல்லை. சமரசம் தோழர் என்ன பண்ணார் தெரியுமா? தன் கட்டுரையை வாபஸ் வாங்கிட்டார். இதுக்கு முன்னால தன்னுது நிக்காதுன்னுட்டார்."

சமரசம் இறங்கிவிட்டான்! காப்பிகூட வராமல்! எதிரே உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அவளை அவமானப்படுத்தாமல் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே பேசினேன்.

"தோழர், எல்லாம் அனுபவம்தான். வீட்டுலேருந்து இன்னொண்ணும் வந்திருக்கும். அவங்க மனசு நோகாம நாலு நல்ல வார்த்தை நீங்களே சொல்லிடுங்க."

"கண்டிப்பாச் சொல்றேன், தோழர். விழாவுல அரைமணி நேரம் பேசவும் கூப்பிடணும். உங்களுது கொஞ்சம் நீளம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம். போனை அக்காகிட்ட குடுங்க."